மாலை போடுமுன் காலைப் பழக்குவீர்!

கார்த்திகை பிறந்துவிட்டால் வாளையாறு வழியாகவும் குமுளி வழியாகவும் ஐயப்ப பக்தர்கள் வந்தவண்ணம் இருப்பார்கள். பாலக்காடு, இடுக்கி எல்லையோர ஊர்களில் வசிக்கும் தமிழர்களும் இருமுடி கட்டிப் புறப்படுவார்கள். ஆண்டு முழுவதும் நாற்காலியை விட்டு எழாத குமாஸ்தாக்கள், கல்லாப்பெட்டி முன் அமர்ந்தே பொழுதைக் கழிக்கும் கடைக்காரர்கள், உட்கார்ந்தே தொந்தி விழுந்துவிட்ட லாரி டிரைவர்கள் ஆகியோரும் இவர்களில் உண்டு.

பம்பையிலிருந்து சன்னிதானம் சுமார் 5 கிலோ மீட்டர். அதில் நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றம் நல்ல திடகாத்திரமானவரையே திணற அடிக்கும். ஒவ்வொரு சீசனிலும் இந்த வழியில் மாரடைப்பால் உயிரிழப்போர் இருக்கிறார்கள். இதனால் கேரள சுகாதாரத் துறை வழி நெடுக அவசர சிகிச்சை மையங்களை அமைத்து, ஆக்சிஜன் வசதியும் செய்து வைக்கிறது. மலைக்கு வருமுன் சில நாட்களாவது நடந்து பழகும்படியும் அது பக்தர்களைக் கேட்டுக்கொள்கிறது.

குமாஸ்தாவும் கேங்மேனும்

உட்கார்ந்த வேலை உடம்பை என்ன செய்கிறது என்பதற்கு ரயில்வேயிலேயே சான்று உண்டு. அமெரிக்க ரயில்வே ஊழியர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 1962-ல் வெளியாயிற்று. தண்டவாளத்தில் பாடுபட்ட தொழிலாளர்களைக் காட்டிலும், மேஜை முன் அமர்ந்திருந்த குமாஸ்தாக்கள் இருதய நோயால் இறந்த விகிதம் ஏறத்தாழ இரு மடங்கு என்று அதில் தெரிய வந்தது.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே வேறுபாட்டைப் பார்க்கலாம். கொழுந்து பறிக்கும் பெண்கள் பாரத்துடன் சரிவில் ஏறி இறங்குகிறார்கள். அதே தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுபவருக்கோ பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. மலையில் குடியிருந்தால் மட்டும் போதாது. காலால் நடந்தால்தான் பலன்.

போன தெம்பு திரும்புமா?

"இத்தனை வருஷம் உட்கார்ந்தாயிற்று, இனி என்ன?" என்று அலுத்துக்கொள்பவர்கள் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த ஒரு சோதனையை அறிந்துகொள்வது நல்லது. 1966-ல் ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அதற்குள் அவர்களுடைய உடல் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் திரும்ப அழைத்துச் சோதித்தார்கள். ஐம்பது வயதை எட்டி, உடலும் பருத்திருந்த அவர்களுக்கு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி அளித்தார்கள். நடை, மெது ஓட்டம், சைக்கிள் ஆகியவையே அந்தப் பயிற்சி. முடிவில், 30 ஆண்டுகளில் இழந்த திறனை அவர்கள் மீண்டும் பெற்றுவிட்டனர்.

ஆகவே இழந்த தெம்பு திரும்பும். ஆனால் அதற்கு மாதக் கணக்கில் அவகாசம் வேண்டும். விரதம் 41 நாள் என்றால், உடம்பைத் தயார் செய்ய அதற்கும் கூடுதலாகவே தேவை. கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறவர்கள் புரட்டாசியிலேயே நடக்கத் தொடங்கிவிட வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

முதல் வாரம் சமதரையில் 10 நிமிடம் போதும். பிறகு வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வேகம் இருக்க வேண்டும். அதுவே சரியான வேகம். ஒரு மாதம் கழித்து வாரம் இருமுறை ஏற்றமோ மாடிப்படியோ ஏறிப் பழகலாம். இறக்கத்தில் முழங்காலுக்குச் சுமை அதிகம் என்பதால் மெதுவாகவே இறங்க வேண்டும். வாரம் 150 நிமிடமாவது நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை.

இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. 1766-ல் ஹைதர் அலி கட்டிய பாலக்காட்டுக் கோட்டையைச் சுற்றிலும் தினமும் விடியற்காலையில் பலர் நடக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கண்டு கேட்ட பிறகே தொடங்க வேண்டும். விரதம் என்பதற்காக மருந்து மாத்திரையை நிறுத்தவே கூடாது. ஏற்றத்தில் நெஞ்சு அடைத்தாலோ, மூச்சுத் திணறினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ வைராக்கியம் பாராமல் அங்கேயே நின்று உதவி கேட்க வேண்டும்.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் நடையையும் விட்டுவிடுபவர்கள் பலர். சேர்த்த தெம்பு சில வாரங்களிலேயே கரைந்துவிடும். அடுத்த ஆண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். பதினெட்டாம் படியருகே சரணம் சொல்ல மூச்சு மிச்சம் இருக்க வேண்டுமானால், ஆண்டு முழுவதும் நடப்பதே நல்லது.