சுரங்க வாசலில் புனித பார்பரா

ரயில் வண்டி மலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் குழந்தைகள் உற்சாகமாகக் கூச்சலிடுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்தப் பாதையைக் குடைந்தவர்களை நினைப்பவர்கள் குறைவு. ஐரோப்பாவின் பல நாடுகளில் அவர்கள் சுரங்க வாசலில் மாடம் அமைத்து வணங்குவது புனித பார்பராவை.

யார் இவர்? கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது மரபு. செல்வந்தரான தந்தை டயஸ்கோரஸ், மகளைப் பிறர் கண்ணில் படாமல் ஒரு கோபுரத்தில் அடைத்து வைத்தார். அவர் வெளியூர் சென்றிருந்தபோது, கட்டப்பட்டு வந்த குளியலறைக்கு இரண்டு சன்னல்களுக்குப் பதில் மூன்று வைக்கச் சொன்னார் பார்பரா. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூவொரு கடவுளின் அடையாளம் அது. மகள் கிறிஸ்தவரானதை அறிந்த தந்தை அவரை அதிகாரியிடம் ஒப்படைத்தார். சித்திரவதைக்கும் பார்பரா அசையவில்லை. கடைசியில் தந்தையே வாளால் அவர் தலையை வெட்டினார். திரும்பும் வழியில் மின்னல் தாக்கி மாண்டார்.

இந்த மின்னலால்தான், திடீர்ச் சாவிலிருந்து காப்பவர் என்று வெடிமருந்தோடு பழகுவோர் பார்பராவைப் பற்றிக்கொண்டனர். பீரங்கிப் படையினர், சுரங்கத் தொழிலாளர் எல்லோருக்கும் அவர் பாதுகாவலர். ஸ்பானிய மொழியில் கப்பலின் வெடிமருந்து அறைக்கே அவர் பெயர்தான். திருநாள் டிசம்பர் 4.

போதிய வரலாற்றுச் சான்று இல்லையென்று 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாட்காட்டியிலிருந்து அவருடைய விழாவை எடுத்துவிட்டது. தொழிலாளர்கள் அவரை விடவில்லை. சுவிட்சர்லாந்தில் 57 கி.மீ. நீளமுள்ள புதிய கோட்ஹார்ட் சுரங்கத்தில் 2010 அக்டோபர் 15 அன்று இரு முனைகளும் சந்தித்தபோது, பார்பராவின் சிலையையும் அந்தத் துவாரத்தின் வழியே கொண்டுபோனார்கள்.

1882இல் முடிந்த 15 கி.மீ. பழைய கோட்ஹார்ட் சுரங்கம் ஏறத்தாழ 200 உயிர்களைக் குடித்தது. புதியதில் இறந்தவர்கள் 9 பேர். உயிர்களைக் காத்தது நல்ல இயந்திரமும் காற்றோட்டமும் பாறை ஆய்வும்தான். அப்படியானால் சிலை எதற்கு?

நான் பணியில் இருந்த நாட்களில், வெடி வைக்குமுன் எங்கள் ஆட்கள் சுரங்க வாசலில் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டுவார்கள். நேரம் வீணாகிறதே என்று இளவயதில் முணுமுணுத்திருக்கிறேன். உள்ளே போகிற ஒவ்வொருவரும் மாலையில் வீடு திரும்ப வேண்டியவர் என்பதை, மேற்பார்வை செய்த எனக்கு நினைவூட்டியது அந்த ஒரு நிமிடம்தான் என்று பிறகு புரிந்தது. பார்பராவின் மாடமும் அதைத்தான் சொல்கிறது.