சொல்லுக்குள் மறைந்த சொல்

குறுக்கெழுத்துப் புதிர் மேனாட்டார் தந்த விளையாட்டு என்பர். 1913ஆம் ஆண்டு நியூயோர்க் நாளிதழொன்றில் ஆதர் வின் என்பார் அதனைத் தொடங்கினார் என்பது உண்மையே. ஆயின், சொல்லைக் குறைத்தும் கூட்டியும் பொருளை மறைக்கும் கலை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் பிசிக்கு இலக்கணம் வகுத்தார். தண்டியலங்காரம் எழுத்து வருத்தனம், அக்கரச்சுதகம், வினாவுத்தரம் எனச் சொல்லணிகளை வகைப்படுத்திற்று.

எழுத்தைக் குறைப்பது அக்கரச்சுதகம். ‘சிகரம் தலையிழந்தால் கையாகும்’ என அட்டனில் என் மாணவர்க்கு ஒரு குறிப்புத் தந்தேன். அவர்கள் சாளரத்தின்வழி மலையை நோக்கினர். “மேற்பொருள் ஏமாற்றும், சொல்லை நோக்குக” என்றேன். முதலெழுத்து நீங்கக் கரம் நின்றது.

அடுத்து, ‘நிலவைப்போற் குறை, தழையைச் சேர், கோப்பை மணக்கும், மூன்றெழுத்து’ என்றேன். கொழுந்து பறிப்போர் குடும்பத்து மாணவி ஒருத்தி எழுந்து, “தேய், இலை, தேயிலை, ஐயா” என்றாள். யகர மெய்மேல் இகரம் ஏறிய புணர்ச்சியையும் பிழையின்றி விளக்கினாள். சொற்பிறப்பு வேறு, சீனத்துத் ‘தே’ என்னும் பெயரே இலையோடு கூடிற்று. புதிருக்கோ எழுத்து இசைந்தாற் போதும் என்றேன்.

அவள் அமரவில்லை. “தேய்வது நிலவு மட்டுமா, ஐயா? அம்மாவின் விரலுந்தான்” என்றாள்.

புணரியல் கற்பித்து ஆண்டுகள் பல கழிந்தன. அச்சொல்லுள் அவ்விரலை நான் கண்டதில்லை. புதிரை அமைத்தவன் யான். பொருள் கண்டவள் அவளே.

ஏட்டில் உறங்கும் இவ்வணிகளைப் புதிராக்கி வகுப்பறைக்குக் கொணர்வோமாயின், இலக்கணம் கசக்கும் என்று நம் பிள்ளைகள் ஒருநாளும் கூறார்.