உயிர் வந்த வழி

திண்டினைப் போலத் தோன்றும் பெரும்பாறை ஒன்றால் திண்டுக்கல் என்னும் ஊர் அப்பெயர் பெற்றது என்பர். அப்பாறைமேல் அமைந்த கோட்டையில் நின்று நோக்கின், தென்கிழக்கே சிறுமலைத் தொடரும், சுற்றிலும் பரந்த சமவெளியும், இடையிடையே குளங்களும் கண்ணிற்படும். கோடைக் காலத்தில் அக்குளங்களுட் பல நீர் வற்றி, தரை வெடித்து, புழுதி பறக்கக் கிடக்கும். பெருமழை பெய்து நீர் நிறைந்ததும், அன்றிரவே தவளைகளின் பேரொலி ஊரை எழுப்பும். சின்னாட்களில் நத்தைகள் ஊரும், மீன்குஞ்சுகள் துள்ளும், பெயரறியாச் சிற்றுயிர்கள் நீரில் நீந்தித் திரியும்.

நேற்றுவரை வெறும் புழுதியாய்க் கிடந்த இடத்தில் இன்று இத்துணை உயிர்கள் எங்கிருந்து வந்தன? மண்ணும் மழையும் கூடியதனால் தவளை தானே பிறந்தது என்று முன்னோர் பலர் கருதினர். குளக்கரையில் எழும் இச்சிறு வினாவினுள் இரு பெருவினாக்கள் அடங்கியுள்ளன. உயிருள்ள பொருள் என்பது யாது? உயிர் எவ்வாறு தோன்றுகின்றது?

முதல் வினாவை முதற்கண் நோக்குதல் தகும். திண்டுக்கல் பூட்டுத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு பட்டறையில் பூட்டு ஒன்று தொங்குகின்றது; அப்பட்டறையின் கொல்லைப்புறத்தே வாழை ஒன்று நிற்கின்றது. பூட்டினுள்ளும் பல உறுப்புகள் உள்ளன. வாழையிலும் பல உறுப்புகள் உள்ளன. திறவுகோல் பட்டதும் பூட்டுத் திறக்கின்றது. கதிரொளி பட்டதும் வாழையிலை தொழிற்படுகின்றது. எனினும் பூட்டினை உயிர்ப்பொருள் என்பார் எவருமிலர். வேறுபாடு எதில் உள்ளது?

உயிருள்ளவை யாவும் செல் என்னும் நுண்ணறைகளால் ஆனவை. கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாவின் உடல் ஒரே செல். யானையின் உடலோ எண்ணிலாக் கோடிச் செல்களின் தொகுதி. உயிருள்ளவை உணவு கொள்கின்றன. வாழை, வேரால் நீரையும் உப்புகளையும் உறிஞ்சி, இலையாற் கரியமில வாயுவை ஏற்று, கதிரவன் ஒளியின் துணைகொண்டு தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளுகின்றது. விலங்குகள் அவ்வாறு சமைத்தறியா. செடிகளையோ பிற விலங்குகளையோ உண்டு வாழ்கின்றன. உயிருள்ளவை சுவாசிக்கின்றன. பூட்டின் இரும்பும் பிராணவாயுவோடு கூடுவது உண்டு; ஆயின் அக்கூட்டத்தால் அது துருப்பிடித்து அழிகின்றது. வாழையோ அதே பிராணவாயுவால் உணவினின்றும் ஆற்றல் பெற்று வாழ்கின்றது. வேண்டாத கழிவுகளை வெளியேற்றுதலும் உயிர்ப்பொருள்களின் இயல்பே.

உயிருள்ளவை வளர்கின்றன. உப்பளத்தில் உப்புப் படிகமும் நாளுக்கு நாள் பெரிதாகின்றதே எனலாம். படிகம் புறத்தே உப்பு ஒட்டுவதனாற் பருக்கின்றது. உயிர், தான் உண்ட உணவைத் தன் உடலாகவே மாற்றி உள்ளிருந்து வளர்கின்றது. உயிருள்ளவை உணர்கின்றன, தொட்டாற்சுருங்கி கைபட்டவுடன் இலைகளைக் கூப்புகின்றது. இறுதியாக, உயிருள்ளவை தம் இனத்தைப் பெருக்குகின்றன. நூறாண்டு தொங்கினும் ஒரு பூட்டு மற்றொரு பூட்டை ஈனாது. வாழையோ தன் அடியிற் கன்றுகளை ஈன்று, தன் இயல்புகளையும் அவற்றிற்கு வழங்குகின்றது. தலைமுறை தலைமுறையாகத் தழைக்கும் குடியை வாழையடி வாழை என்று தமிழர் வாழ்த்துவது இதுபற்றியே.

இப்பண்புகளுள் ஒன்றை மட்டும் கண்டு உயிருண்டு எனத் துணிதல் பிழையாகும். தீயை நோக்குக. அது விறகை உண்கின்றது, பிராணவாயுவை ஏற்கின்றது, வளர்கின்றது, ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குப் பரவுகின்றது, சாம்பலைக் கழிவாக விடுகின்றது. எனினும் அதற்குச் செல் இல்லை. தன் இயல்பைப் பொதிந்து வழித்தோன்றலுக்கு வழங்கும் வித்தும் இல்லை. ஆதலின் பண்புகள் பலவும் ஒருங்கே அமைந்ததையே உயிர்ப்பொருள் எனல் வேண்டும்.

உயிர்களை ஆராய்ந்து வகுக்கும் முயற்சி தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்துரைக்கின்றது. புல்லும் மரமும் தொடுவுணர்வாகிய ஓரறிவு உடையவை என்பது அந்நூலின் கொள்கை. செடிகளின் உணர்வை நம் நாட்டு விஞ்ஞானியாகிய ஜகதீஸ் சந்திர போஸ் கருவிகள் கொண்டு ஆராய்ந்தார். புறத்தூண்டுதலுக்குச் செடிகள் எதிர்வினை காட்டுதலை அவர் 1901ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்து அறிஞர் அவையிற் செய்து காட்டினார்.

இனி, உயிர் எவ்வாறு தோன்றுகின்றது என்னும் இரண்டாம் வினாவிற்கு வருவோம். நம் நாட்டுப் பழைய நூலோர், முட்டையிற் பிறப்பன, கருப்பையிற் பிறப்பன, வித்து வேர் முதலியவற்றிற் பிறப்பன, வியர்வையிற் பிறப்பன எனப் பிறப்பு நால்வகைப்படும் என்றனர். பேனும் சிறு புழுக்களும் வியர்வையிற் பிறப்பன எனப்பட்டன. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் சில உயிர்கள் சேற்றிலும் அழுகிய பொருளிலும் தாமே தோன்றும் என்று எழுதினார். சிறு முட்டைகளைக் காட்டும் கண்ணாடி இல்லாத காலத்தில், கண்ணாற் கண்டதை அவர்கள் அவ்வாறு உரைத்தனர்.

இக்கொள்கையைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் இத்தாலி நாட்டு மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி. 1668ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் தம் சோதனையை விளக்கினார். சில பாத்திரங்களில் இறைச்சியை இட்டுத் திறந்து வைத்தார். வேறு சிலவற்றை மெல்லிய துணியால் மூடினார். திறந்தவற்றில் ஈக்கள் மொய்த்தன. பின்னர்ப் புழுக்கள் நெளிந்தன. மூடியவற்றில் இறைச்சி அழுகியது. ஆயினும் புழு தோன்றவில்லை. இறைச்சி புழுவாக மாறவில்லை. ஈயிட்ட முட்டையே புழுவாயிற்று என்பது தெளிவாயிற்று.

சில ஆண்டுகளில் லேவன்ஹூக் என்னும் டச்சு வணிகர் தாமே தேய்த்துச் செய்த கண்ணாடியால் ஒரு துளி நீரில் எண்ணற்ற நுண்ணுயிர்களைக் கண்டார். இவையேனும் தாமே தோன்றுவனவாகலாமே என்னும் வாதம் மீண்டும் எழுந்தது. 1860ஆம் ஆண்டையொட்டி, பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் அதற்கு முடிவு கண்டார். அன்னத்தின் கழுத்தைப் போல நீண்டு வளைந்த கழுத்துடைய குடுவைகளில் சாற்றினை ஊற்றிக் கொதிக்கவைத்தார். வளைந்த கழுத்தின் வழியே காற்று உட்சென்றது; காற்றோடு வந்த தூசியும் அதிலிருந்த நுண்ணுயிர்களும் வளைவிலே தங்கிவிட்டன. சாறு கெடவில்லை. கழுத்தை உடைத்த குடுவையிலோ சின்னாட்களிற் சாறு கலங்கிக் கெட்டது. உயிர் உயிரிலிருந்தே வருகின்றது என்னும் உண்மை இவ்வாறு நிலைபெற்றது.

குளத்துத் தவளைகளின் மறைபொருளும் இதனால் விளங்கும். நீர் வற்றும் காலத்தில் தவளைகளுட் பல மண்ணினுள் ஆழப் புதைந்து உறங்குகின்றன. நத்தை தன் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு சேற்றினுட் கிடக்கின்றது. சிற்றுயிர்கள் சிலவற்றின் முட்டைகள் வறண்ட புழுதியிலும் கெடாமல் காத்திருக்கின்றன. மீன்கள் வாய்க்கால் வழியே பிற நீர்நிலைகளினின்றும் வந்து சேர்கின்றன. மழை அவற்றைப் படைக்கவில்லை, உறங்கியவற்றை எழுப்பியது, பிரிந்தவற்றைக் கூட்டியது.

இது வெறும் ஏட்டறிவு அன்று. உழவர் வாழ்வைக் காக்கும் அறிவு. சிறுமலையிலும் பழனிமலைச் சாரலிலும் விளையும் மலைவாழை சுவையிற் சிறந்தது. முடிக்கொத்து நோய் என்னும் கொடுநோய் அத்தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. நோயுற்ற வாழையின் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியிற் கொத்தாக நெருங்கி நிற்கும். மரம் குலை ஈனாது. இதற்குக் காரணம் வைரஸ் என்னும் நச்சுநுண்மம். அது செல்லினும் எளியது, உண்பதில்லை, சுவாசிப்பதில்லை, தனித்திருக்கையில் உயிரற்ற பொருளைப் போன்றதே. 1935ஆம் ஆண்டில் ஸ்டான்லி என்னும் அமெரிக்க அறிஞர் புகையிலையைத் தாக்கும் வைரஸை உப்பைப் போலப் படிகமாகவே பிரித்தெடுத்தார். ஆயினும் உயிருள்ள செல்லினுள் நுழைந்துவிட்டால் அது தன்போல் எண்ணற்றவற்றைப் பெருக்குகின்றது. உயிருக்கும் உயிரின்மைக்கும் இடையே எல்லைக்கல் நடுதல் எத்துணை அரிது என்பதை வைரஸ் காட்டுகின்றது.

இந்நோய் மண்ணின் தீமையாலோ காற்றின் சீற்றத்தாலோ தானே தோன்றுவது என எண்ணினால், உழவன் விதியை நொந்து வாளாவிருப்பான்; நோயுற்ற தாய்மரத்தின் கன்றையே மீண்டும் நடுவான். முன்னிருந்த வைரஸிலிருந்தே புதிய வைரஸ் வருகின்றது என அறிந்தவனோ, அது வரும் வழியை அடைப்பான். நோயுற்ற கன்றும், அசுவினி என்னும் சிறு பூச்சியுமே அவ்வழிகள். ஆதலின் அசுவினியை ஒழித்து, நோயுற்ற மரத்தைக் கிழங்கோடு அகற்றி, நோயற்ற கன்றுகளை நடுதல் வேண்டும். இதன்பொருட்டே வேளாண்மை அறிஞர்கள் திசு வளர்ப்பு முறையால் தூய கன்றுகளை உண்டாக்கி வழங்குகின்றனர். குடுவையிற் கண்ட உண்மை, வாழைத் தோட்டத்திற் பயன்படுகின்றது.

உயிரிலிருந்தே உயிர் வருமெனின், முதல் உயிர் எங்கிருந்து வந்தது? நிலவுலகு தோன்றி ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகட்கு முன்னரே நுண்ணுயிர்கள் வாழ்ந்தமைக்கு ஆஸ்திரேலியப் பாறைகளிற் சான்றுகள் உள்ளன. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது என்ன? உயிர் இறைவன் படைப்பு என்பது சமயங்கள் பலவற்றின் கொள்கை. உயிரின் வித்து விண்ணிலிருந்து வந்தது என்றார் சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ். ஆயின் விண்ணில் அவ்வித்து எவ்வாறு தோன்றியது என்னும் வினா அப்போதும் எஞ்சி நிற்கும்.

தொன்மைக் கடல்நீரில் எளிய பொருள்கள் கூடி, மெல்ல மெல்ல உயிராக வளர்ந்தன என்பது மூன்றாவது கொள்கை. 1924ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் ஓபாரினும், 1929ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஹால்டேனும் இதனைத் தனித்தனியே வெளியிட்டனர். ஹால்டேன் பிற்காலத்தில் இந்தியாவிற் குடியேறி, நம் நாட்டுக் குடிமகனாகவே 1964ஆம் ஆண்டில் புவனேசுவரத்தில் மறைந்தார். 1953ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் ஸ்டான்லி மில்லர் என்னும் இளைஞர், நீராவி, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகியவற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து, மின்னலுக்கு ஒப்ப மின்பொறி பாய்ச்சினார். சின்னாட்களிற் புரதங்களின் மூலப்பொருள்களாகிய அமினோ அமிலங்கள் சில அதில் உண்டாயின.

இலங்கையிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற சிரில் பொன்னம்பெருமா இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். 1969ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் வீழ்ந்த விண்கல்லில் விண்ணிலேயே உண்டான அமினோ அமிலங்கள் இருத்தலை அவரும் அவருடைய துணைவர்களும் கண்டனர். பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023ஆம் ஆண்டிற் கொணர்ந்த துகள்களிலும் அத்தகைய பொருள்கள் உள்ளன என 2025ஆம் ஆண்டில் அறிஞர் அறிவித்தனர். செங்கல்லும் சுண்ணாம்பும் கிடைத்துவிட்டன. வீடு எழுந்த வகைதான் இன்னும் விளங்கவில்லை. உயிரற்ற பொருளினின்றும் ஓர் உயிரை இதுகாறும் எவரும் ஆய்வுச்சாலையில் ஆக்கினாரில்லை.

ஆதலின் ஒன்று தெளிவாகின்றது. குளத்தில் கத்தும் தவளையும், கொல்லையில் நிற்கும் வாழையும், அவற்றைக் காணும் மனிதனும் பல நூறு கோடி ஆண்டுகளாக ஒருகாலும் அறுபடாது வரும் உயிர்த்தொடரின் கண்ணிகள். பூட்டு உடைந்தால் மற்றொன்று செய்து கொள்ளலாம். ஓர் உயிரினம் அழிந்தால் அதனை மீட்டும் படைப்பது மனிதனுக்கு அரிது. எவ்வுயிரையும் அருமை அறிந்து பேணுதலும், எக்கூற்றையும் சோதித்து உண்மை தெளிதலும் கற்றோர் கடனாகும்.