திறப்பு யாரிடம் இருக்கிறது?

தமிழ் வகுப்பு, கோயில், ஊர்ச் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று எங்கே ஒரு வெப்சைற் தேவைப்பட்டாலும் பெரியவர்கள் எங்கள் வயதுக்காரரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். "பிள்ளை, உமக்குத்தானே கொம்பியூட்டர் தெரியும், ஒண்டைச் செய்து தாருமன்" என்பார்கள். நீங்கள் தாதியாக இருக்கலாம், கணக்காளராக இருக்கலாம். இங்கே படித்தவர் என்றால் அது போதும், தப்ப முடியாது.

லவாலில் சில பெற்றோர் சேர்ந்து நடத்தும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அந்த வேலை என்னிடம் வந்தது. வகுப்புக்கு ஏற்கெனவே ஒரு வெப்சைற் இருந்தது. அதைச் செய்து தந்த அப்பா ஒருவர் வேலை மாறி ரொறன்ரோ போய்விட்டார். டொமெயின் பெயர், அதாவது இணைய முகவரி, அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதியப்பட்டிருந்தது. பணம் அவருடைய கிரெடிட் கார்டில் போய்க்கொண்டிருந்தது. கார்ட் காலாவதியானது, நினைவூட்டல்கள் அவர் பார்க்காத மின்னஞ்சலுக்குப் போயின, ஒரு நாள் தளம் இல்லை. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் ஒன்பது வருட ஆண்டுவிழாப் படங்களும் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளும் அதோடு போய்விட்டன.

இன்ரநெற் ஆர்க்கைவ் என்ற அமைப்பு 1996 முதல் உலகத்து வெப்சைற்றுகளைப் பிரதி எடுத்து வைக்கிறது. அதில் தேடியபோது முகப்பும் ஏழெட்டுப் பக்கங்களும் கிடைத்தன, படங்கள் பெரும்பாலும் வெறும் சதுரங்கள். "என்ரை மூத்தவள் நாலாம் வகுப்பில அப்பம்மாவைப் பற்றி எழுதினது அதிலதானே இருந்தது?" என்று ஒரு அம்மா கேட்டார். அப்பம்மா இப்போது இல்லை. அந்தக் கட்டுரை வேறெங்கும் இல்லை.

ஆகவே புதுத் தளத்தை எதில் கட்டுவது என்ற பேச்சு கூட்டத்தில் கொஞ்சம் சூடாகவே நடந்தது. பாதிப்பேர் "விக்ஸ் லேசு" என்றார்கள். மற்றப் பாதி "வேர்ட்பிரஸ்தான் சரி" என்றார்கள். உங்கள் சங்கத்திலும் இதே இரண்டு கட்சி இருக்கும் என்பதால், நான் தேடி அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

வாடகை வீடு, சொந்த வீடு

முதல் வகையில் எல்லாவற்றையும் நிறுவனமே நடத்தித் தரும். இஸ்ரேலில் 2006இல் தொடங்கிய விக்ஸ், அமெரிக்காவின் ஸ்குவெயர்ஸ்பேஸ், எங்கள் பக்கத்து ஒட்டாவாவில் பிறந்த ஷொப்பிஃபை இவை அந்த வகை. மாதக் காசு கட்டுவீர்கள். வடிவம், சேர்வர், பாதுகாப்பு, திருத்த வேலை எல்லாம் அவர்கள் பொறுப்பு. இது வாடகை வீடு.

இரண்டாவது வகையில் மென்பொருள் உங்கள் கையில் இருக்கும். அதில் பெரியது வேர்ட்பிரஸ். 2003இல் வெளிவந்த இலவச, திறந்த மூல மென்பொருள். உலகத்து வெப்சைற்றுகளில் 40 வீதத்துக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. ஒரு ஹோஸ்ரிங் நிறுவனத்திடம் சேர்வரில் இடம் எடுத்து அதை நிறுவிக்கொள்ளலாம். இது சொந்த வீடு.

இங்கே பலர் குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது. வேர்ட்பிரஸ் டொட் ஓர்க் என்பது அந்த இலவச மென்பொருள் கிடைக்கும் இடம். வேர்ட்பிரஸ் டொட் கொம் என்பது அதே மென்பொருளை ஒரு நிறுவனமே நடத்தித் தரும் வாடகைச் சேவை, 2005இல் தொடங்கியது. பெயர் ஒன்று, ஏற்பாடு வேறு.

பனி அள்ளுவது யார்?

லவாலில் வீடு வாங்கியவர்களுக்கு இது விளங்கும். வாடகைக்கு இருந்த காலத்தில் பனி கொட்டினால் அது கட்டடக்காரரின் தலையிடி. சொந்த வீட்டுக்கு வந்தபின் காலை ஆறு மணிக்குச் சவலோடு நிற்பது நாங்கள்தான்.

சொந்தமாக நடத்தும் வேர்ட்பிரஸிலும் பனி கொட்டும். மென்பொருளுக்கு அப்டேற் வரும். படிவம், நாட்காட்டி, படத்தொகுப்பு என்று சேர்த்துக்கொள்ளும் பிளகின்களுக்கும் தனித்தனியாக வரும். அவற்றைக் கவனிக்காமல் விட்டால் பழைய பிளகினில் உள்ள ஓட்டை வழியாக யாராவது உள்ளே வந்து, தமிழ் வகுப்புப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டுப் போவார்கள். பேக்கப் எடுக்க வேண்டும், எடுத்தது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

காசுக் கணக்கும் ஏமாற்றும். ஹோஸ்ரிங் விளம்பரங்களில் மாதம் சில டொலர்தான் தெரியும். அது பெரும்பாலும் முதல் தவணைக்கான விலை, புதுப்பிக்கும்போது பல இடங்களில் இரட்டிப்பாகும். மற்றப் பக்கம், விக்ஸின் இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரம் இருக்கும், உங்கள் சொந்த முகவரியை இணைக்க முடியாது. இரண்டிலும் இரண்டாம் வருடத்து விலையைக் கேட்டுவிட்டே ஒப்பிடுங்கோ.

இடைவழி ஒன்றும் உண்டு. லவால் தெருக்களில் கார்ப்பாதையின் இரு பக்கமும் செம்மஞ்சள் கம்பு நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சொந்த வீடுதான், ஆனால் பனியை ட்ராக்டர்காரர் வந்து தள்ளிவிட்டுப் போவார். அதே மாதிரி வேர்ட்பிரஸை நிறுவி, அப்டேற், பேக்கப் எல்லாம் தாங்களே கவனிக்கும் ஹோஸ்ரிங் சேவைகள் இருக்கின்றன. கொஞ்சம் கூடக் காசு, நிறைய நிம்மதி.

யூலை முதலாம் திகதி

கியூபெக்கில் யூலை 1 என்றால் வீடு மாறும் நாள். பலர் ஃபிரிட்ஜையும் அடுப்பையும் கூட ஏற்றிக்கொண்டு போவார்கள். எந்தத் தளத்தில் சேருமுன்னும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நாளைக்கு வெளிக்கிட்டால் எதைக் கொண்டுபோகலாம்?

விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே தூக்கி வேறு சேர்வரில் வைக்க முடியாது. அது அவர்களுடைய சேர்வரில் மட்டும் ஓடும். எழுத்தையும் படத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே புதிதாகக் கட்ட வேண்டும். ஸ்குவெயர்ஸ்பேஸ் ஒரு பகுதியை வேர்ட்பிரஸ் வாசிக்கக்கூடிய கோப்பாகத் தரும், எல்லாவற்றையும் அல்ல. வேர்ட்பிரஸ் டொட் கொம் என்றால் கட்டுரைகளையும் பக்கங்களையும் ஒரே கோப்பாக இறக்கி, இன்னொரு வேர்ட்பிரஸில் ஏற்றலாம். மென்பொருள் ஒன்று என்பதால் தளபாடம் புது வீட்டிலும் பொருந்தும்.

"விக்ஸ் எங்கே போகப் போகுது?" என்று ஒருவர் கேட்டார். ஜியோசிற்றிஸையும் அப்படித்தான் நினைத்தார்கள். தொண்ணூறுகளில் இலவசமாக வெப்சைற் செய்ய உலகமே அங்கே போனது, தமிழர்களும் போனார்கள். 1999இல் யாகூ அதை வாங்கியது. 2009 ஒக்ரோபர் 26 அன்று மூடியது. தன்னார்வலர்கள் ஓடி ஓடிக் காப்பாற்றிய பிரதிகள் தவிர மற்றவை போயின.

தமிழுக்கு இன்னொரு தலையிடியும் இருந்தது. எங்கள் அப்பா அம்மா காலத்தில் பாமினி எழுத்துருவில் தட்டிய பக்கங்களை இன்று திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை மாதிரித் தெரியும். கோப்பு இருக்கிறது, வாசிக்கத்தான் முடியாது, மாற்றி மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய தமிழ் நூல்களை முதலில் டிஸ்கி என்ற குறியீட்டில் வெளியிட்டு, பிறகு யூனிகோடுக்கு மாற்றியது. கோப்புகள் கையில் இருந்ததால் மாற்ற முடிந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம், விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி என்ற இலவச மென்பொருளில்தான் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் அடுக்கி வைத்திருக்கிறது. சமூகத்தின் சொத்தை நெடுங்காலம் வைத்திருக்க நினைத்தவர்கள் எடுத்துக்கொண்டு போகக்கூடிய வழியைப் பார்த்திருக்கிறார்கள்.

சொந்த வீடும் எரியும்

அதற்காகச் சொந்தமாக நடத்தினால் பயமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்தது. பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்களில் பலர் இரண்டையும் இழந்தார்கள். அதே நிறுவனத்தின் பெரிய மையம் ஒன்று மொன்றியலுக்குத் தென்மேற்கே போஆர்னுவாவில், பழைய அலுமினியத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இருக்கிறது. 'இன்ரநெற்றில் கிடக்கு' என்று நாங்கள் சொல்வதும் கடைசியில் ஒரு கட்டடத்துக்குள்தான் கிடக்கிறது.

2024 செப்ரெம்பரில் வேர்ட்பிரஸ் டொட் கொம்மை நடத்தும் ஒட்டோமற்றிக் நிறுவனத்துக்கும் டபிள்யூபி என்ஜின் என்ற ஹோஸ்ரிங் நிறுவனத்துக்கும் சண்டை மூண்டது. டபிள்யூபி என்ஜினின் வாடிக்கையாளர்கள் சில நாள் வழக்கமான வழியில் பிளகின்களைப் புதுப்பிக்க முடியாமல் நின்றார்கள். டிசெம்பரில் அமெரிக்க நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட வேண்டி வந்தது. இலவச மென்பொருளுக்குப் பின்னாலும் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களும் சண்டை பிடிப்பார்கள்.

கியூபெக்கில் இருப்பவர்களுக்கு

எந்த வகையை எடுத்தாலும் இரண்டு சட்டங்கள் எங்களைத் தேடி வரும்.

ஒன்று, சட்டம் 25. 2021இல் நிறைவேறி, 2022 முதல் 2024 வரை ஒவ்வொரு செப்ரெம்பரிலும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. தளத்தில் பதிவுப் படிவம் வைத்துப் பெயர், தொலைபேசி எண் வாங்கினால், அவற்றை என்ன செய்கிறோம் என்று விளங்கும் மொழியில் எழுதிப் போட வேண்டும், பொறுப்பானவரை எப்படித் தொடர்புகொள்வது என்றும் சொல்ல வேண்டும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தகவல் என்றால் சம்மதம் பெற்றோரிடமிருந்து வர வேண்டும். தகவல் கியூபெக்குக்கு வெளியே போவதானால் அதன் பாதுகாப்பை முன்கூட்டி மதிப்பிட வேண்டும். ஆகவே சேர்வர் எங்கே இருக்கிறது என்பது முக்கியமான கேள்வி. இலாப நோக்கமற்ற அமைப்புகளும் பல சந்தர்ப்பங்களில் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

மற்றது பிரெஞ்சு மொழிச் சாசனம். வீட்டில் கேக் செய்து விற்பவரோ சேலை விற்பவரோ கியூபெக்கில் இருந்து வியாபாரத் தளம் நடத்தினால் அது பிரெஞ்சிலும் இருக்க வேண்டும். மற்ற மொழியில் உள்ளதை விடப் பிரெஞ்சுப் பக்கம் குறைவாக இருக்கக்கூடாது. தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றையும் எந்தத் தளம் சிக்கலில்லாமல் தாங்கும் என்று காசு கட்டுமுன் மூன்று மொழியிலும் ஒவ்வொரு பக்கம் செய்து பாருங்கோ.

நாங்கள் எடுத்த முடிவு

தமிழ் வகுப்புக்கு வேர்ட்பிரஸ் எடுத்தோம், அப்டேற்றையும் பேக்கப்பையும் ஹோஸ்ரிங்காரரே பார்க்கும் ஏற்பாட்டோடு. எங்கள் நிர்வாகக் குழு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும். அடுத்து வருபவருக்குக் கொம்பியூட்டர் தெரியுமா, நேரம் இருக்குமா என்று எங்களால் சொல்ல முடியாது. பனியை யாராவது தள்ள வேண்டும், தளபாடமும் எங்களுடையதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் இது பொருந்தியது.

அதே கேள்வியை வீட்டில் பலகாரம் செய்து விற்கும் என் மச்சாள் கேட்டபோது வேறு பதில் சொன்னேன். "உமக்கு மெனு, விலை, ஃபோன் நம்பர் மூண்டும்தானே வேணும்? விக்ஸ் போதும்." அவளுடைய தளம் நாளைக்கு மறைந்தாலும் ஒரு பின்னேரத்தில் திரும்பச் செய்யலாம். பத்து வருடத்துக்குப் பின்னும் தேடி வரப்போகும் பொருள் அங்கே இல்லை. தமிழ் வகுப்பின் தளம் அப்படியா? பிள்ளைகள் தமிழில் எழுதியது அச்சாகிற ஒரே இடம் அதுதான்.

ஆனாலும் எங்கள் பழைய தளத்தின் கதையைத் திரும்பப் பாருங்கோ. அது விக்ஸா வேர்ட்பிரஸா என்பதால் போகவில்லை. திறப்பு ஒரு ஆளிடம் மட்டும் இருந்ததால் போனது. ஆகவே எதில் கட்டினாலும் இந்த வேலைகளைச் செய்யுங்கோ.

டொமெயின் பெயரைச் சங்கத்தின் பெயரில் பதியுங்கோ. முடிந்தால் ஹோஸ்ரிங்குக்கு ஒரு நிறுவனம், டொமெயினுக்கு வேறொரு நிறுவனம் என்று வையுங்கோ, வீடு மாறினாலும் முகவரி கூடவே வரும். டொட் சிஏ முகவரியை ஒரே முறையில் 10 வருடம் வரை பதியலாம். கணக்குக்கு ஒருவருடைய சொந்த மின்னஞ்சலைக் கொடுக்காமல் சங்கத்துக்கென ஒன்று திறந்து, குறைந்தது இரண்டு பேர் அதைப் பார்க்கும்படி செய்யுங்கோ. கைபேசிக்குக் குறியீடு வரும் பாதுகாப்பு முறை இருந்தால் அதன் மீட்புக் குறியீடுகளை அச்சடித்துச் சங்கக் கோப்பில் வையுங்கோ. தளத்தின் முழுப் பிரதியை வருடத்துக்கு இரண்டு முறை இறக்கி இரண்டு வீடுகளில் வையுங்கோ. நாங்கள் தைப்பொங்கலுக்கு ஒருமுறை, யூன் மாதம் வகுப்பு முடியும்போது ஒருமுறை என்று வைத்திருக்கிறோம். நிர்வாகம் மாறும் நாளில் கணக்குப் புத்தகத்தோடு இவற்றையும் கை மாற்றுங்கோ.

அடுத்த கூட்டத்தில் எந்தத் தளம் என்ற விவாதம் தொடங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கோ: "இப்ப இருக்கிற வெப்சைற்றின்ரை திறப்பு ஆரிட்டை?" பதில் சொல்ல ஒரே ஒருவர் மட்டும் கை தூக்கினால், இன்னொருவரையும் அவருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு மற்றதைப் பேசலாம்.