ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றவள்

கடவுளை நேசி, அயலானையும் உன்னைப்போலவே நேசி. ஞாயிறுதோறும் கோயிலில் கேட்கிற இந்த இரண்டையும் திங்கட்கிழமை எப்படி வாழ்வது என்று கேட்டாய் தம்பி. ஒரு டீயில் முடிகிற பேச்சல்ல. இன்னொன்றும் சொல்லிக்கொள்ளலாம், உட்கார்.

இரண்டுமே இயேசு புதிதாகச் சொன்னவை அல்ல. முதலாவது உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, இரண்டாவது லேவியராகமம் 19இல். தனித்தனியே கிடந்த இரண்டையும் அவர் சேர்த்து வைத்தார். நியாயசாஸ்திரி ஒருவன் விடவில்லை; சரி, எனக்கு அயலான் யார் என்று கேட்டான். அதற்கு வந்த பதில்தான் நல்ல சமாரியன் கதை. எரிகோவுக்கு இறங்கும் வழியில் கள்ளர் அடித்துப் போட்டவனை ஆசாரியனும் லேவியனும் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போக, யூதர்கள் சேர்த்துக்கொள்ளாத சமாரியன் காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் காசு கொடுத்தான். எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டுப் பழகிவிட்டதால் அதன் உறைப்பு நமக்குத் தெரிவதில்லை. இந்த மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அதோடு வைத்துப் பார்.

1801 மே 24, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இரண்டாவது முறை விழுந்த நாள். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துப் போட்ட கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பிச் சண்டை போட்ட அவருடைய தம்பி ஊமைத்துரை, காயம்பட்டுப் பிணங்களுக்கு நடுவே கிடந்தார். பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய், வேறு சில பெண்களோடு மகனைத் தேடி வந்தாள். மகன் கிடைத்தான், உயிரும் இருந்தது. தூக்கப் போனவளைத் தடுத்து, நான் செத்தால் சாகிறேன், அருகில் கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்றான் அவன். சாமி என்றது ஊமைத்துரையை. பெற்ற மகனை அங்கேயே விட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போனாள் அந்தத் தாய். ஆங்கிலேயர் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது பெண்கள் அவர்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, அம்மையில் போன பிள்ளை என்று அழுது ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் ஓடியே போனார்கள்.

இதை எழுதிவைத்தவர் கோட்டையைத் தாக்கிய கும்பினிப் படையின் அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். 1830இல் வெளியான அவருடைய நினைவுக் குறிப்புகளில் இருக்கிறது. அந்தத் தாயின் பெயர் மட்டும் இல்லை.

அவள் வேதக்காரி என்று யாரும் சொல்லவில்லையே, நமக்கு எப்படி உதாரணம் ஆவாள் என்று கேட்பாய். சமாரியன் மட்டும் தேவாலயத்து ஆளா? பாடம் சொல்ல இயேசு வெளியாளைத்தான் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தத் தைரியத்தில்தான் நானும் இவளைச் சொல்கிறேன். கதையின் முடிவில் அவர் கேள்வியையே திருப்பிப் போடுவதைக் கவனி. அயலான் யார் என்று கேட்டவனிடம், விழுந்து கிடந்தவனுக்கு அயலானாக ஆனது யார் என்று கேட்டார். இவர் நம் பட்டியலில் உண்டா இல்லையா என்று பார்க்கிற வேலையே அங்கே தீர்ந்து போகிறது. பாஞ்சாலங்குறிச்சித் தாய்க்கு அந்த வேலை இருக்கவே இல்லை. காப்பாற்றிய உயிரும் ஆறு மாதம் தாண்டவில்லை. அந்த நவம்பரிலேயே ஊமைத்துரையைப் பிடித்துக் கொண்டுவந்து பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள். அதனால் அவள் செய்தது வீண் என்று இந்தச் சீமையில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

நமக்குப் போர்க்களம் வருவதில்லை, திங்கட்கிழமைதான் வருகிறது. அதற்குத்தான் லேவியராகமம் 19ஐ முழுசாகப் படி என்கிறேன். அயலானை நேசி என்ற வரியைச் சுற்றி என்னென்ன இருக்கிறது பார். வயல் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும். கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது. பழி வாங்காதே. கள்ளத் தராசு வைக்காதே. எல்லாம் காடும் கூலியும் எடைக்கல்லும். பருத்தி எடுத்து முடிந்த பிஞ்சையில் மிச்சம் மீதி பொறுக்க வருகிற கிழவியை விரட்டாமல் இருப்பதும், தீப்பெட்டி ஆபீசில் சனிக்கிழமைச் சம்பளத்தை அடுத்த வாரத்துக்கு இழுக்காமல் இருப்பதும், உளுந்து மூட்டைக்கு நேர் எடை போடுவதும் அந்த அதிகாரத்தில் அடக்கம்.

இதில் கடவுளை நேசிப்பது எங்கே வருகிறது? கண்ட சகோதரனை நேசிக்காதவன் காணாத கடவுளை எப்படி நேசிப்பான் என்று யோவான் தன் முதல் நிருபத்தில் கேட்கிறார். அந்தக் கேள்வி நம் கோயில்களுக்கும் உண்டு. வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கூடங்கள், நடுவே தடுப்பு. இரண்டு பக்கத்தாரும் ஒரே பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. 1910இல்தான் அந்தத் தடுப்பை இடித்தார்கள். வழக்கு நீதிமன்றம்வரை போயும் சாதித் தடுப்பு கேட்டவர்கள் ஜெயிக்கவில்லை. ஆனால் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற சபைகள் இன்றும் இருக்கின்றன. அங்கே எத்தனை மணி நேரம் ஜெபம் நடந்தாலும் யோவானின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கே தொடங்குவது என்றால், மத்தேயு 5இல் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்: உன்மேல் ஒருவனுக்கு மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ. உனக்கும் உன் பெரியப்பாவுக்கும் பொழித் தகராறில் பேச்சு நின்று கிடக்கிறதே. புரட்டாசி விதைப்புக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போ. நீ உழுத இடத்தில் ஒரு முழம் அவருடையது என்றால் அதையும் சொல்லிவிடு. முகம் கொடுக்காவிட்டால் திரும்பி வா. மழை விழுந்த பிறகு இன்னொரு தரம் போகலாம்.