முதல் வேலைக்காகக் கைவிட்டுப் போகக் கூடாதவை

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் முந்தைய ஆண்டைவிடச் சுமார் 24 சதவீதம் சுருங்கியது. அந்த வருஷம் பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் முடித்துவிட்டு வெளியே வந்தவர்களைக் கேட்டால் மந்தம் என்றால் என்னவென்று சொல்வார்கள். தொழில் படுத்துவிட்டால் நிறுவனங்கள் முதலில் நிறுத்துவது ஃப்ரெஷர்களை எடுப்பதைத்தான். ஆறு மாதம் சம்பளம் கொடுத்துப் பழக்க வேண்டிய புதியவருக்குப் பதிலாக, வேறிடத்தில் வேலை போய் நிற்கும் அனுபவசாலி ஏறக்குறைய அதே சம்பளத்துக்குக் கிடைத்துவிடுகிறார். 2008-ல் லேமன் பிரதர்ஸ் திவாலான பிறகும் நடந்தது இதுதான். படித்த பிள்ளையின் தகுதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் வீட்டில் கல்விக்கடன் தவணை நிற்பதில்லை. "இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்ற விசாரிப்பும் நிற்பதில்லை. எதிலாவது சேர்ந்துவிட வேண்டும் என்ற இந்த அவசரத்தை நம்பியே ஒரு கூட்டம் தொழில் நடத்துகிறது. நிதித்துறையில் மற்ற துறைகளில் இல்லாத இன்னொரு ஆபத்தும் உண்டு. இங்கே வேலையே அடுத்தவர் பணத்தோடுதான். தவறான இடத்தில் சேர்ந்தால் ஏமாந்தவராக மட்டுமல்ல, வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராகவும் நிற்க நேரலாம்.

வழக்கமான மோசடி வாட்ஸ்அப்பில் வருகிறது. பெரிய தனியார் வங்கியின் லோகோவுடன் ஒரு ஆஃபர் லெட்டர். பதவி "அசிஸ்டன்ட் மேனேஜர்", சம்பளம் மாதம் 38,000 ரூபாய். கீழே யாரோ ஒரு ஹெச்.ஆரின் கையெழுத்து, பக்கத்தில் மங்கலாக ஒரு சீல். அனுப்பிய மின்னஞ்சலோ வங்கியின் முகவரி அல்ல, யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய இலவச முகவரி. கடைசிப் பத்தியில் சின்ன எழுத்தில் "ரீஃபண்டபிள் செக்யூரிட்டி டெபாசிட் 4,500". அன்று மாலையே போன் வரும்: "தம்பி, இன்னும் ரெண்டு சீட்தான் இருக்கு, இன்னைக்குக் கட்டிட்டா திங்கக்கிழமை ஜாயினிங்." நேர்முகத் தேர்வே நடக்கவில்லையே என்று யோசிப்பதற்குள் பணம் போய்விடுகிறது.

கட்டணம் என்றாலே மோசடி என்று சொல்ல மாட்டேன். பொதுத்துறை வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் பொதுப்பிரிவினரிடம் 850 ரூபாய் வாங்குகிறது. அது தேர்வு எழுதுவதற்கான கட்டணம், ஐபிபிஎஸ் தளத்திலேயே கட்டுவது. வேலை உறுதி என்று சொல்லி ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்குக் கேட்டால் அது வேறு கதை. பணம் அனுப்பிவிட்டீர்களா? உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழி உண்டு. அதனால் முதல் சில மணி நேரம் மிக முக்கியம். பரிவர்த்தனை எண், அந்த லெட்டர், உரையாடல் எதையும் அவமானத்தில் அழித்துவிடாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவின்படி ஏமாற்றிப் பணம் பறித்தவருக்கு ஏழு ஆண்டுவரை சிறை உண்டு.

பணமே கேட்காத மோசடியும் இருக்கிறது, அது இன்னும் கொடியது. "வீட்டிலிருந்தே பேமென்ட் ப்ராசஸிங்" என்று விளம்பரம் வரும். உங்கள் கணக்குக்கு வரும் தொகையை அவர்கள் சொல்லும் கணக்குக்கு மாற்ற வேண்டும், உங்களுக்குக் கமிஷன். வருவது எங்கோ ஒருவரிடம் திருடிய பணம். போலீஸ் பின்தொடர்ந்து வரும்போது முதலில் கிடைப்பது உங்கள் பெயர், உங்கள் ஆதார், உங்கள் பான். இப்படிப்பட்ட "மியூல்" கணக்குகளைக் கண்டுபிடிக்கவே ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் மியூல்ஹன்டர் என்ற மென்பொருளை அறிவித்தது. கணக்கு முடங்கும், வேறு மாநிலத்திலிருந்துகூட நோட்டீஸ் வரும். நாளைக்கு உண்மையான வங்கி வேலை கிடைத்தால் பின்னணிச் சரிபார்ப்பில் இது முட்டுக்கட்டையாகும். ஏற்கெனவே மாட்டியிருந்தால் பரிமாற்றத்தை அன்றே நிறுத்தி, வங்கிக் கிளைக்கு எழுத்தில் தெரிவித்து, நீங்களே புகார் கொடுங்கள். போலீஸ் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதிகம் சிக்குவது மூன்றாவது வகையில் என்று நினைக்கிறேன். கண்ணாடிக் கதவு, ஏசி, கழுத்தில் ஐடி கார்டு என்று அலுவலகம் பளபளக்கும். பதவியின் பெயர் "ரிலேஷன்ஷிப் ஆபீசர்". உண்மையான வேலை டெபாசிட் பிடிப்பது. முதல் மாத டார்கெட்டுக்கு யாரிடம் போவார்கள்? சித்தப்பாவிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம், அப்பாவின் நண்பரிடம். 2022-ல் சென்னையில் வெடித்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் விவகாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 2,400 கோடிக்கு மேல் போட்டிருந்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்ற ஆசை வார்த்தைதான் தூண்டில். அந்த வழக்கில் இயக்குநர்களோடு ஏஜெண்டுகளும் கைதானார்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2019-ன் ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டப்படி, பொய் வாக்குறுதி என்று தெரிந்தே அடுத்தவரை முதலீடு செய்யத் தூண்டுவது குற்றம். தூண்டியவர் முதலாளியா ஊழியரா என்று சட்டம் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் 1997-ன் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. எனவே சேருமுன் அரை மணி நேரம் செலவழியுங்கள். கடன் அல்லது டெபாசிட் கம்பெனி என்றால் ரிசர்வ் வங்கித் தளத்தின் என்பிஎஃப்சி (வங்கியல்லாத நிதி நிறுவனம்) பட்டியலில் பெயர் இருக்கிறதா, டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற எல்லா என்பிஎஃப்சிக்கும் அந்த அனுமதி கிடையாது. பங்குச்சந்தை, மியூச்சுவல் ஃபண்ட் என்றால் செபி பதிவைப் பாருங்கள். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கம்பெனி எப்போது தொடங்கியது, இயக்குநர்கள் யார் என்பது கிடைக்கும். சேர்ந்த பிறகு சந்தேகம் வந்தால், அன்றிலிருந்து ஒரு ரூபாய்கூட வசூலிக்காமல் விலகி, ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்திலோ பொருளாதாரக் குற்றப்பிரிவிலோ தெரிவியுங்கள்.

அடுத்தது பாண்டு, அதாவது குறிப்பிட்ட காலம் முடியுமுன் விலகினால் பணம் கட்டுவதாக எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம். "அது சும்மா பேப்பர்தான், கையெழுத்துப் போடு" என்று நண்பர்கள் சொல்வார்கள். சும்மா பேப்பர் இல்லை. குறிப்பிட்ட மூன்று ஆண்டு முடியுமுன் பொதுத்துறை வங்கியிலிருந்து விலகிய ஓர் அதிகாரி 2 லட்சம் கட்ட நேர்ந்தது. அந்த நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே சமயம் கம்பெனி எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடும் என்றும் இல்லை. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு. பயிற்சியே தராத கம்பெனி மூன்று லட்சம் கேட்டால் எதிர்த்துப் பேச இடமிருக்கிறது. வேலையை விட்ட பிறகு இரண்டு வருஷம் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று எழுதியிருந்தால் அது அதே சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. அசல் சான்றிதழையும் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். சரிபார்க்க அசலைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. ஏற்கெனவே கொடுத்திருந்து, திருப்பித் தர மறுத்தால் விநியோகச் சான்றோடு ஸ்பீடு போஸ்டில் எழுதிக் கேளுங்கள். பிறகு காவல் நிலையம், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் அங்கே வழக்கறிஞர் இலவசம். உதவி எண் 15100.

ஊழியருக்குச் சாதகமான சட்டமும் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நியமனக் கடிதம் கட்டாயம். வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் தர வேண்டும்.

நல்ல வழிகள் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. மந்தத்திலும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்பதால் ஆடிட்டர் ஆபீஸ்களில் ஆள் தேவை இருக்கும். சம்பளம் சொற்பம்தான். ஆனால் ஒரு வருஷத்தில் டாலி, டிடிஎஸ், பேங்க் ரீகன்சிலியேஷன் எல்லாம் கை பழகிவிடும். செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். தேர்வுகள் பலவற்றைச் சுமார் 1,500 ரூபாயில் எழுதலாம்; ஏஜென்சிகள் முப்பதாயிரத்துக்கு விற்கும் "ஃபைனான்ஸ் கோர்ஸ்" சான்றிதழைவிடப் புரோக்கிங் நிறுவனங்களில் அதற்கு மதிப்பு அதிகம். பொதுத்துறை வங்கிகள் பட்டதாரிகளை அப்ரென்டிஸாக எடுக்கின்றன. 2023-ல் ஸ்டேட் வங்கி 6,160 இடங்களுக்கு அறிவித்தபோது உதவித்தொகை மாதம் 15,000 ரூபாய். அப்ரென்டிஸ் பயிற்சி நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் அல்ல, அதைத் தெரிந்தே சேர வேண்டும். ஒப்பந்தம் அரசின் பயிற்சித் தளத்தில் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். பதிவில்லாவிட்டால் ஒரு வருஷம் முடிந்ததும் அரசின் பயிற்சிச் சான்றிதழ் கிடைக்காது.