நலம் பெறும் நாட்களில் நூலும் ஊசியும்

குரோம்பேட்டையைக் கடந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் மின்சார ரயில் அடுத்து நிற்கும் நிலையம் சானடோரியம். பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் பகுதி மக்களாகிய நமக்கு மிகவும் பழகிப்போன பெயர். ஆனால் அந்தச் சொல்லின் பொருள் என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? நோயாளிகள் மாதக்கணக்கில் தங்கி, நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வும் பெற்று உடல் தேறும் இடம் என்பதே அதன் பொருள். டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-ஆம் ஆண்டு காசநோயாளிகளுக்காக இங்கே சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. (இதே சவுரிமுத்து முன்பு இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் நடத்திய சானடோரியத்தில்தான் 1917-ல் கணிதமேதை இராமானுஜன் நோயாளியாக இருந்தார்.)

அக்காலத்தில் காசநோயைக் குணமாக்கும் மருந்து கிடையாது. படுக்கையும் ஓய்வும்தான் வைத்தியம். ஆனால் வெறும் ஓய்வு மனிதனைச் சோர்வடையச் செய்கிறது என்பதைச் சில மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். இங்கிலாந்தில் ஃப்ரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர், தேறிவரும் நோயாளிகளுக்கு முதலில் நடை, பிறகு சிறிய கூடை சுமத்தல், பிறகு மண்வெட்டி வேலை என்று படிப்படியாக வேலை கொடுத்தார். கைவேலையை மருத்துவத்தின் ஒரு பகுதியாக்கும் இந்த எண்ணம் பின்னாளில் தனித் துறையாகவே வளர்ந்தது. நம் நாட்டில் அதற்கான முதல் பள்ளியை 1950-ல் பம்பாயில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர்.

இன்று நிலைமை வேறு. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுபவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமடைகிறார்கள் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது. அதனால் இப்போது பெரும்பாலோர் சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்தை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். இது பெரிய நன்மை. ஆனாலும் சானடோரியத்தில் பக்கத்துக் கட்டில்காரர் பேச்சுத்துணைக்கு இருந்தார். வீட்டிலோ, மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு நோயாளிக்கு நான்கு சுவர்தான். நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும்போது நாம் அதிகம் கேட்பது வலியைப் பற்றி அல்ல. "பொழுதே போகமாட்டேங்குது ஃபாதர்" என்பதைத்தான். அதற்குள்ளே, "நான் எதற்கும் உதவாமல் கிடக்கிறேனே" என்ற இன்னொரு குரலும் ஒளிந்திருக்கிறது.

இங்கேதான் பின்னல் வேலையை நாம் பரிந்துரைக்கிறோம். "இந்தச் சென்னை வெயிலில் ஸ்வெட்டரா?" என்று சிரிக்க வேண்டாம். நாம் உடுத்தும் பனியனே பின்னல் துணிதான். வேட்டி, தறியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இழைகளால் நெய்யப்படுகிறது. பனியனோ, ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துக்கொண்டு உருவாகிறது. அதனால்தான் இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கிறது. திருப்பூரில் இயந்திரம் செய்யும் இதே வேலையை இரண்டு ஊசிகளைக்கொண்டு கையால் செய்யலாம். கொக்கியுள்ள ஒற்றை ஊசியால் செய்தால் அது குரோஷா.

தேறிவரும் உடலுக்கு இது ஏன் பொருந்துகிறது? தலையணையில் சாய்ந்தபடியே செய்யலாம், பெரிய பலம் தேவையில்லை. களைப்பு வந்தால் எந்த வரிசையிலும் நிறுத்தலாம்; நாளைக்கு அதே இடத்திலிருந்து தொடரலாம். தவறிப்போனால் பிரித்துவிட்டு அதே நூலால் மறுபடி பின்னலாம். தொலைக்காட்சியில் மூன்று மணி நேரம் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இதில் மாலையாகும்போது நான்கு விரற்கடை துணி கண்ணுக்கு முன்னே இருக்கும். 2013-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் 31 நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்கள் பதிலளித்தார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் மன அமைதியை அதிகம் உணர்வதாகச் சொன்னார்கள். பின்னலை நேசிப்பவர்களே சொன்ன சாட்சியம் இது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். பின்னல் எந்த நோயையும் குணமாக்காது. அது மாத்திரையின் வேலை.

தொடங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உல்லன் நூலைவிடத் தடித்த பருத்தி நூல் நம் ஊருக்கு ஏற்றது. வெளிர் நிறம் வாங்குங்கள். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது. வியர்க்கும் கைகளுக்கு மூங்கில் ஊசி நல்லது. இருபது கண்ணிகள் போட்டு ஒரு கைத்துண்டு பின்னிப் பழகலாம்; முதலிலேயே ஸ்வெட்டரில் இறங்க வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கவும். கையிலோ மார்பிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்டபிறகே ஊசியை எடுக்கவேண்டும்.

காசநோய் மருந்து எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். எத்தாம்பூட்டால் என்ற மாத்திரை சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். சிவப்பு நூலுக்கும் பச்சை நூலுக்கும் வேறுபாடு மங்கத் தொடங்கினால், "வெளிச்சம் போதவில்லை" என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஐசோனியாசிட் என்ற மருந்தால் சிலருக்கு விரல்கள் மரத்துப்போகும். ஊசி அடிக்கடி நழுவினால் அதையும் சொல்லுங்கள். இரண்டும் தொடக்கத்திலேயே தெரிந்தால் மருத்துவர் சரிசெய்ய வழியுண்டு. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இது பெண்களின் வேலை என்று தோல் தொழிற்சாலைக்கும் லாரிக்கும் போய்வந்த நம் ஆண்கள் கூச்சப்படலாம். ஐரோப்பாவில் பல நகரங்களில் ஒருகாலத்தில் பின்னல் ஆண்களின் சங்கத் தொழிலாக இருந்தது. நம் மீனவ சகோதரர்கள் வலை பின்னும்போது யார் கேலி செய்கிறார்கள்?

கடினமான இடம் வேறொன்று. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டவர், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆசையாக ஒரு தொப்பி பின்னிக் கொடுக்கிறார். அந்தத் தாய் சிரித்துக்கொண்டே வாங்கி, கதவுக்குப் பின்னால் போட்டுவிடுகிறார். அல்லது "எதற்குச் சிரமம்" என்று திருப்பிக் கொடுக்கிறார். இதைவிடக் கொடிய காயம் நோய் தந்திருக்காது. காசநோய் காற்றின் வழியாக, இருமலின் வழியாகப் பரவுவது. நூல், துணி, பாத்திரம் வழியாகப் பரவுவதில்லை. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் பரவும் தன்மையே பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆறு மாதம் முடித்துக் குணமானவரின் தொப்பிக்கு ஏன் பயப்படவேண்டும்?

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் "மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்" என்ற பெண்கள் குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வையை உருவாக்கி கின்னஸ் சாதனை படைத்தது. பலர் தத்தம் வீட்டில் பின்னிய துண்டுகளை ஒன்றாகச் சேர்த்ததே அந்தப் போர்வை. தனியறையில் இருக்கும் ஒருவர் தன் துண்டை ஒரு பெரிய வேலையோடு சேர்க்கலாம் என்பது நமக்குப் பிடித்திருக்கிறது. நம் பங்குகளிலும் அருட்சகோதரிகளிடம் தையலும் குரோஷாவும் கற்ற தாய்மார் பலர் இருக்கிறார்கள். அவர்கள் வாரம் ஒருமுறை ஒரு நோயாளியின் வீட்டுத் திண்ணையிலோ மொட்டைமாடியிலோ காற்றோட்டமாக அமர்ந்து, மருந்தின் முதல் வாரங்களானால் இருவரும் முகக்கவசம் அணிந்து, பத்துக் கண்ணி போடக் கற்றுக்கொடுத்தால் போதும். அடுத்த வாரம் போகும்போது அது எத்தனை வரிசை வளர்ந்திருக்கிறது என்று சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம்.